படம் நூல் ஆகாது

“மின்மயமாக்கிவிட்டோம்” என்ற சொல்லைக் கேட்டால் எங்களுக்கு இப்போதெல்லாம் மூன்று கேள்விகள்தான் முதலில் வருகின்றன. யாருக்காக? எதில் படிக்க? எப்படித் தேட? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாமல் “இத்தனை லட்சம் பக்கங்களை ஸ்கேன் செய்திருக்கிறோம்” என்று எண்ணிக்கையை மட்டும் நீட்டுகிறவர்கள், ஆவணத்தைக் கரையானிடமிருந்து காப்பாற்றியிருக்கிறார்கள். அதற்கு நன்றி. ஆனால் மக்கள் கையில் அதைக் கொடுக்கவில்லை. காப்பாற்றுவது ஒரு வேலை, கொடுப்பது இன்னொரு வேலை. முதல் வேலையை மட்டும் செய்துவிட்டு இரண்டையும் முடித்துவிட்டதாகக் கணக்குக் காட்டுவதைத்தான் நாங்கள் கேள்வி கேட்கிறோம்.

நாங்கள் சேத்தியாத்தோப்பைச் சுற்றியுள்ள சேரிகளில் கல்லூரி மாணவர்களோடு வேலை செய்கிறோம். இங்கிருந்து வீராணம் ஏரிக்கரையோடு தெற்கே போனால் காட்டுமன்னார்கோவில். எல். இளையபெருமாளின் மண். 1952, 1957, 1962 என மூன்று தேர்தல்களில் வென்று நாடாளுமன்றம் போனவர். தீண்டாமையையும், பட்டியல் சாதி மக்களின் கல்வி, பொருளாதார நிலையையும் ஆராய 1965-இல் ஒன்றிய அரசு ஒரு குழு அமைத்தது. அதற்கு அவர்தான் தலைவர். 1969-இல் வந்த அந்தக் குழுவின் அறிக்கையைத்தான் நாம் ‘இளையபெருமாள் கமிட்டி அறிக்கை’ என்கிறோம்.

அந்த அறிக்கை என்ன செய்தது? பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும், உரிய பயிற்சி பெற்ற யாரும் சாதி பார்க்காமல் அர்ச்சகராக வழி வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1970-இல் தமிழ்நாடு அரசு இந்து சமய அறநிலையச் சட்டத்தைத் திருத்தியபோது இந்தப் பரிந்துரையையே காரணமாகக் காட்டியது. அந்தத் திருத்தத்தை எதிர்த்துப் போடப்பட்ட சேஷம்மாள் வழக்கில் 1972-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பிலும் இந்த அறிக்கை பேசப்படுகிறது. 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் 1976-இல் கடுமையாக்கப்பட்டு, குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமாகப் பெயர் மாறியதற்கும் இந்த அறிக்கை ஒரு முக்கியக் காரணம்.

அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராவது பற்றி மேடையில் முழங்குகிறவர்கள் ஆயிரம் பேர். அறிக்கையைப் படித்தவர்கள் எத்தனை பேர்? படிக்காதது சோம்பலால் அல்ல. எங்கள் கைக்கு வந்த பிரதி என்ன என்று சொல்கிறோம்: ஆங்கிலத்தில் அச்சான தடித்த புத்தகம், பக்கம் பக்கமாகப் படம் எடுத்து ஒட்டிய பிடிஎஃப். சில பக்கங்கள் சாய்ந்திருக்கின்றன. சில பக்கங்களில் நடுமடிப்பில் எழுத்து மறைந்துவிட்டது. “தென்னார்க்காடு பற்றி என்ன இருக்கிறது?” என்று ஒரு மாணவி தேடினால், தேடல் பெட்டி “எதுவும் இல்லை” என்கிறது. இருக்கிறதா இல்லையா என்பது அந்தப் பெட்டிக்கே தெரியாது. ஏனென்றால் அந்தக் கோப்பில் ஓர் எழுத்துகூட இல்லை. இருப்பதெல்லாம் எழுத்துகளின் நிழற்படம்.

தோழர்களே, இந்த வேறுபாட்டை முதலில் புரிந்துகொள்வோம். ஸ்கேன் என்பது பக்கத்தின் புகைப்படம். கணினிக்கு அது நெல்வயலின் படம் போலத்தான். படத்திலிருந்து ஒரு மணி நெல்கூட அறுக்க முடியாது. மின்னூல் என்பது எழுத்து எழுத்தாக உள்ளே ஏற்றிய நூல். அதில் தேடலாம். எழுத்தைப் பெரிதாக்கலாம். ஒரு பத்தியை எடுத்து மனுவில் ஒட்டலாம். மொழிபெயர்க்கலாம். பார்வையற்ற தோழர் திரைவாசிப்பான் வைத்துக் காதால் கேட்கலாம். இதில் ஒன்றுகூடப் படப் பிடிஎஃப்பில் நடக்காது.

அளவையும் பாருங்கள். முந்நூறு பக்க நூலை நல்ல தரத்தில் ஸ்கேன் செய்தால் ஐம்பது, நூறு மெகாபைட் சாதாரணமாக ஆகிவிடும். அதே நூல் எழுத்தாக, ‘இபப்’ என்ற மின்னூல் வடிவத்தில், பெரும்பாலும் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். தினசரி டேட்டா தீர்ந்து, அடுத்த நாள் விடியும்வரை காத்திருக்கிற பையனுக்கு இந்த வித்தியாசம் தொழில்நுட்ப விஷயமே இல்லை. படிப்பதா, படிக்காமல் விடுவதா என்பதே அதுதான்.

கிண்டில் போன்ற மின்படிப்பானில் நிலைமை இன்னும் மோசம். ஆறு அங்குலத் திரையில் ஓர் அரசு அறிக்கையின் முழுப் பக்கத்தையும் படமாகப் போட்டால் எழுத்து எறும்பு வரிசையாகிவிடும். பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும். இடமும் வலமும் இழுத்து இழுத்து இரண்டு பக்கம் படிப்பதற்குள் கண் வலிக்கும், மூடிவைத்துவிடுவான். பிறகு நாம்தான் “இந்தத் தலைமுறை படிப்பதில்லை” என்று கட்டுரை எழுதுவோம்.

“கிண்டில் வாங்க யாரிடம் காசு இருக்கிறது? மின்னூல் நடுத்தர வர்க்கத்தின் பொழுதுபோக்கு” என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். பாதி உண்மை. அந்தக் கருவியின் விலை ஒரு விவசாயக் கூலிக் குடும்பத்துக்கு எட்டாது. ஆனால் மின்னூல் என்றால் கிண்டில் என்று யார் சொன்னது? இபப் கோப்பைப் படிக்க விலையில்லாத செயலிகள் போதும், இரண்டாம் கையாக வாங்கிய செல்பேசி போதும். சாதாரண செல்பேசியில் படிக்கவே முடியாத ஒன்று இருக்கிறதென்றால் அது ஸ்கேன் பிடிஎஃப்தான். ஏழைக்கு எதிரான வடிவம் எது என்று இப்போது சொல்லுங்கள். ஒரு படிப்பு மையத்துக்கு ஒரே ஒரு மின்படிப்பான் வாங்கி, நூலகப் புத்தகம் போல் கைமாற்றிக்கொள்வதும் நடக்கிற காரியமே. கண்ணைக் கூசாத திரை, வாரக்கணக்கில் நிற்கும் பேட்டரி, இடையில் வாட்ஸாப் குறுக்கிடாத படிப்பு. மின்வெட்டு நாட்களில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களைக் கேளுங்கள், அதன் அருமை தெரியும்.

“அச்சுப் புத்தகத்தின் மணம் வருமா?” என்று கேட்கிற இன்னொரு கூட்டமும் உண்டு. வராது. ஆனால் எங்கள் ஊர் நூலகத்தில் எந்த மணமுள்ள புத்தகம் இருக்கிறது, யார் எழுதியது, எந்த அலமாரியில் என்று கேட்டால் மணத்தைப் பற்றிய பேச்சு நின்றுவிடும். மறுபதிப்பே வராத நூலுக்கு மணம் எங்கிருந்து வரும்?

நம் முன்னோர்கள் தொழில்நுட்பத்தைக் கண்டு மிரண்டவர்கள் அல்ல. 1893-இல் ‘பறையன்’ என்ற பெயரையே தலைப்பாகத் தூக்கி வைத்துப் பத்திரிகை நடத்தினார் இரட்டைமலை சீனிவாசன். 1907 ஜூன் 19 அன்று ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று விலையையே பெயராக வைத்து வார இதழ் தொடங்கினார் அயோத்திதாசப் பண்டிதர். ஒரு பைசாவுக்கு விற்றதில் அரசியல் இருந்தது: உழைக்கிறவன் கைக்குப் போக வேண்டும். அச்சு இயந்திரம் அன்றைய புதிய கருவி. யாரிடமும் அனுமதி கேட்காமல் அதைக் கையில் எடுத்தார்கள். 1914-இல் பண்டிதர் மறைந்த பிறகும், கோலார் தங்கவயலில் இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை அவருடைய எழுத்துகளை நூல்களாக அச்சிட்டுப் பரப்பியது. சுரங்கத்துக்குள் இறங்கிய மக்களின் ஊரில் நடந்தது அது.

பிறகு என்ன ஆயிற்று? ‘பறையன்’ இதழ்கள் முழுத் தொகுப்பாக நம் கைக்கு வரவில்லை. ‘தமிழன்’ பிழைத்தது, அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் வீட்டில் வைத்துப் பாதுகாத்ததால். அதன் பிறகு 1999-இல்தான் ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்திலிருந்து வெளிவந்தது. பண்டிதர் இறந்து எண்பத்தைந்து ஆண்டுகள்! அந்தத் தொகுதிகள் வந்த பிறகுதான் தமிழ்நாட்டின் சிந்தனை வரலாற்றையே திருப்பி எழுத வேண்டியிருந்தது. அதுவரை அவர் எங்கே இருந்தார்? தாளில் இருந்தார். பெட்டிக்குள் இருந்தார். இருந்தும் இல்லாதவராக இருந்தார். ஓர் எழுத்து அழியாமல் இருப்பதாலேயே உயிரோடு இருக்கிறது என்று பொருளல்ல. எடுத்துப் படிக்கவும், எடுத்துச் சொல்லவும், எதிர்த்து வாதிடவும் முடிந்தால்தான் அதற்கு உயிர்.

இன்றைய பெட்டி எது? ஆய்வாளரின் ஹார்ட் டிஸ்க். ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வர். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் முத்திரை குத்தி, பார்க்க மட்டும் அனுமதித்து, பதிவிறக்க முடியாமல் வைத்திருக்கும் தளம். சேரி மக்களின் வரலாற்றை வைத்து முனைவர் பட்டம் வாங்கியவரிடம் “அந்த ஸ்கேனைத் தர முடியுமா?” என்று கேட்டால், “என் அடுத்த நூல் வரட்டும்” என்ற பதில் எங்களுக்கு ஒரு முறை அல்ல, பல முறை கிடைத்திருக்கிறது. நிலத்தை ஆண்டவர்கள் போய், ஆவணத்தை ஆள்கிறவர்கள் வந்திருக்கிறார்கள். பண்ணையாரிடம் நெல் அளக்கக் காத்து நின்றது போல இப்போது பிடிஎஃப்புக்குக் காத்து நிற்க வேண்டுமா?

வேறு வழி இருக்கிறது என்று காட்டியவர்களும் இருக்கிறார்கள். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகின் பல மூலைகளிலிருந்த தமிழர்கள் ஊதியம் வாங்காமல் நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, யாரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்தார்கள். 2005-இல் ஈழத்தமிழர்கள் தொடங்கிய நூலகம் திட்டம், எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தின் நினைவோடு வளர்ந்தது. விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பெரும் எண்ணிக்கையில் ஏற்றப்பட்டு, பக்கம் பக்கமாகத் திருத்தப்பட்டு வருகின்றன. இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் படம். ஒருவர் சரிபார்த்தால் மஞ்சள், இன்னொருவர் மறுபடி சரிபார்த்தால் பச்சை. முடிந்த நூலை அங்கிருந்தே இபப்பாக இறக்கிக்கொள்ளலாம். 2013-இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் குழு, பகிரும் உரிமையுள்ள நூல்களை மின்படிப்பானுக்கும் செல்பேசிக்கும் ஏற்ற வடிவங்களில் இலவசமாகக் கொடுக்கிறது. இவை எல்லாம் நடந்துகொண்டிருக்கின்றன. இவற்றில் நம் நூல்கள் எத்தனை, நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. எதை முதலில் எழுத்தாக்குவது என்று முடிவு செய்கிறவர், அங்கே உட்கார்ந்து உழைக்கிறவர். நாம் உட்காராத இடத்தில் நம் நூல் வரிசையின் கடைசியில்தான் நிற்கும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இது எல்லாவற்றையும்விடப் பெரியது. மெய்ப்புப் பார்ப்பது வெறும் எழுத்துப்பிழை வேலை அல்ல.

ஸ்கேனிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருளை ஓசிஆர் என்பார்கள், தமிழில் எழுத்துணரி. டெசராக்ட் இலவசமாகக் கிடைக்கிறது, கூகுள் டிரைவிலும் அந்த வசதி உண்டு. இன்றைய அச்சில் உள்ள பக்கத்தை இவை நன்றாகவே படிக்கின்றன. பழைய அச்சில்தான் தடுமாறுகின்றன. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் ணை, லை, ளை, னை ஆகியவை துதிக்கை தூக்கியபடி நிற்கும். ணா, றா, னா சுழித்துக்கொண்டு நிற்கும். எழுத்துணரி இவற்றை வேறு எழுத்தாகப் படித்துவிடும். ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசம் தெரியாது. தமிழ் எண் ‘௧’ ககரமாகும், ‘௨’ உகரமாகும். இதழின் தேதியே காணாமல் போகும். இரண்டு பத்திகளாக அச்சான இதழ் என்றால் ஒரு பத்தியின் முதல் வரியையும் அடுத்த பத்தியின் முதல் வரியையும் சேர்த்து ஒரே வாக்கியமாக்கிவிடும். ளகரம் லகரமானால் குளம் குலமாகும். பொதுக்குளத்தில் நீர் எடுக்கக் கேட்ட உரிமை, குலத்தில் சேரக் கேட்ட கெஞ்சலாக மாறிவிடும். சிரிக்கலாம். ஆனால் ஐம்பது ஆண்டு கழித்து அந்த மின்னூலை மட்டும் வைத்து ஆய்வு எழுதுகிறவர் சிரிக்கமாட்டார், நம்பிவிடுவார்.

இவை தெரியாமல் நேரும் பிழைகள். தெரிந்தே செய்யும் ‘திருத்தம்’ இதைவிட ஆபத்து. பழைய ஆவணத்தில் பறையர், பஞ்சமர், ஆதிதிராவிடர், ஹரிஜன் என்று எந்தச் சொல் இருக்கிறதோ அந்தச் சொல்தான் மின்னூலிலும் இருக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு எல்லாவற்றையும் ‘தலித்’ என்றோ ‘பட்டியல் இனத்தவர்’ என்றோ மாற்றினால் வரலாறு அழியும். அயோத்திதாசர் ‘சாதிபேதமற்ற திராவிடர்’ என்று எழுதியது ஒரு சொல் அல்ல, ஒரு கோட்பாடு. சீனிவாசன் ‘பறையன்’ என்று வைத்தது இழிவை ஏற்றுக்கொண்டதால் அல்ல, திருப்பி அடித்ததால். அந்தப் பெயரைப் பற்றி இருவருக்கும் இடையே இருந்த முரண்பாடே நம் அரசியலின் தொடக்க விவாதங்களில் ஒன்று. எல்லாச் சொல்லையும் ஒன்றாக்கிவிட்டால் அந்த விவாதமே இருந்திருக்காது.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. “பக்கத்தைப் போடு, சுத்தமாகத் தட்டித் தரும்” என்கிறார்கள். பயன்படுத்துங்கள், ஆனால் நம்பாதீர்கள். மங்கிய சொல்லை அது படிப்பதில்லை, ஊகிக்கிறது. ஊகிப்பதற்கு அது கற்றுக்கொண்டது பெரும்பான்மை எழுதியதிலிருந்து. சேரி வழக்கு, பௌத்தச் சொல், பழைய வசவு, பழைய உழவுச் சொல் எதுவும் அதற்குப் பழக்கமில்லை. தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாக மாற்றி, ஒரு கறையும் தெரியாமல் பளபளப்பாகக் கொடுத்துவிடும். எழுத்துணரியின் பிழை கண்ணில் உறுத்தும்; இதன் பிழை உறுத்தாது. அதனால்தான் நம்மவர் கண் வேண்டும் என்கிறோம். பாட்டி பேசிய சொல்லைப் பக்கத்தில் பார்த்தவுடன் அடையாளம் காணுகிற கண்.

எண்களில் பிழை வந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பஞ்சமி நிலம் போதும். 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர் பறையர் மக்களின் நிலை பற்றி எழுதிய குறிப்பு, அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 அன்று வந்த அரசாணை, அதன்படி ஊர் ஊராக எழுதப்பட்ட நிலப் பதிவுகள். இவைதான் நம் கையில் உள்ள ஆயுதம். 1994-இல் காரணையில் மீட்கப் போராடி, துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர் கொடுத்தது இந்த நிலத்துக்காகத்தான். ஒரு புல எண்ணில் 1 என்பது 7 ஆகிவிட்டால் மனு தள்ளுபடி. இப்படிப்பட்ட ஆவணத்தைக் கூலிக்கு எடுத்த ஏதோ ஒரு தட்டச்சு நிறுவனத்திடம் விடுவீர்களா, அந்த ஊர்க்காரர் ஒருவரை உட்கார வைத்துச் சரிபார்ப்பீர்களா?

சட்டம் தடுக்கிறதா என்றும் பார்த்துவிடுவோம். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை. அயோத்திதாசர், 1943-இல் மறைந்த எம்.சி. ராஜா, 1945-இல் மறைந்த இரட்டைமலை சீனிவாசன் ஆகியோர் வாழ்நாளில் வெளியிட்ட எழுத்துகள் எப்போதோ பொதுவுக்கு வந்துவிட்டன. 1956-இல் மறைந்த அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்நாளில் வெளியிட்டவை 2017 முதல் பொது. சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விக்கூடம் கட்டி 1959-இல் மறைந்த சுவாமி சகஜானந்தர் வெளியிட்டவை 2020 முதல் பொது. மொழிபெயர்ப்புக்கு மட்டும் தனி உரிமை உண்டு: அம்பேத்கரின் ஆங்கில மூலம் பொது என்பதற்காக நேற்று வந்த தமிழாக்கத்தை எடுத்துப் போடக் கூடாது. அதில் ஒரு தோழரின் உழைப்பு இருக்கிறது. அரசு நியமித்த குழுக்களின் அறிக்கைகளுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. அவை நாடாளுமன்றத்திலோ சட்டமன்றத்திலோ வைக்கப்பட்டிருந்தால், அரசு தனியாகத் தடை போட்டிருந்தால் ஒழிய, யாரும் மறுபதிப்புச் செய்யலாம் என்று 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. பார்வையற்றோருக்குப் படிக்க ஏற்ற வடிவில் மாற்றிக் கொடுக்க 2012 திருத்தத்திலேயே வழி செய்யப்பட்டிருக்கிறது. எனவே “சட்டச் சிக்கல்” என்று கையை விரிக்கிறவர்களிடம், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று கேளுங்கள்.

எப்படிச் செய்வது? பெரிய மந்திரம் இல்லை.

நல்ல பகல் வெளிச்சத்தில், பக்கம் வளையாமல், செல்பேசியாலேயே படம் எடுக்கலாம். இரண்டு பக்கம் ஒன்றாக விழுந்திருந்தால் பிரியுங்கள், சாய்வை நிமிர்த்துங்கள், ஓரத்து நிழலை வெட்டுங்கள். இதற்கு ஸ்கேன் டெய்லர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பிறகு எழுத்துணரி. பிறகு மனிதர்: ஒருவர் படத்தைப் பார்த்து உரக்கப் படிக்க, மற்றவர் எழுத்தைப் பார்த்துத் திருத்துவது. அச்சுக்கூடங்களில் அந்தக் காலத்தில் இப்படித்தான் மெய்ப்புப் பார்த்தார்கள். படிக்க முடியாத சொல்லை ஊகித்து நிரப்பாமல், ‘இங்கே தெளிவில்லை’ என்று குறித்துவிடுங்கள். ஒருவர் முடித்ததை இன்னொருவர் மறுபடி பார்க்க வேண்டும். தலைப்பு, அடிக்குறிப்பு, அட்டவணை ஆகியவற்றைப் பிரித்துக் காட்டி, காலிபர் அல்லது சிகில் கொண்டு இபப்பாக்கலாம். இன்றைய கிண்டிலும் அனுப்பப்படும் இபப்பை ஏற்றுக்கொள்கிறது.

இரண்டு விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள். முதலாவது, அச்சுப் புத்தகத்தின் பக்க எண்ணை மின்னூலில் அந்தந்த இடத்தில் அடைப்புக்குறிக்குள் போடுங்கள். மின்படிப்பானில் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் மாறிவிடும், வட்டாட்சியரிடமோ நீதிமன்றத்திலோ “அறிக்கையின் எந்தப் பக்கம்?” என்று கேட்டால் பதில் வேண்டும். இரண்டாவது, ஸ்கேன் படத்தைத் தூக்கிப் போடாதீர்கள். எழுத்து வாதாடும், படம் சாட்சி சொல்லும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

முடித்த நூலை ஒரே கடையில் மட்டும் வைத்துவிடவும் வேண்டாம். 2009-இல் ஜார்ஜ் ஆர்வெல் நூல்களை, காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அமேசான் நிறுவனம் தொலைவிலிருந்து அழித்தது. பூட்டுப் போட்ட மின்னூல் நம் நூல் அல்ல, வாடகை நூல். பூட்டில்லாத கோப்பாக, பத்து இடத்தில், நூறு செல்பேசியில் இருக்கட்டும். கரையானும் தீயும் ஒரு பிரதியைத்தான் தின்ன முடியும்.

கணக்கும் போட்டுவிடுவோம். ஒரு விடுதியில் பதினைந்து மாணவர்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பக்கம். முந்நூறு பக்க நூலுக்கு இருபது நாள். மறுசரிபார்ப்புக்கு இன்னொரு இருபது நாள். நாற்பது நாளில் ஒரு நூல் விடுதலை. அதைச் செய்து முடித்த பதினைந்து பேரும் சேர்ந்து அந்த நூலின் ஒவ்வொரு வரியையும் படித்திருப்பார்கள். இதைவிட நல்ல படிப்பு வட்டம் எங்கே இருக்கிறது?

ஆனால் எல்லாச் சுமையையும் மாணவர் தலையில் ஏற்றிவிட்டு அரசைத் தப்பவிட நாங்கள் தயாரில்லை. தன்னார்வம் என்பது அரசு செய்யாததற்குப் பதிலி அல்ல. 2025-இல் சிதம்பரத்தில் இளையபெருமாளுக்கு நூற்றாண்டு நினைவரங்கம் திறந்தார்கள். மகிழ்ச்சி. சிலைக்கு மாலை போடுவோம். ஆனால் அவர் உழைத்து எழுதிய அறிக்கையை அந்த அரங்கத்துக்கு வருகிற பிள்ளை தன் செல்பேசியில் எடுத்துக்கொண்டு போக முடியவேண்டும். ஆங்கிலத்திலும் தமிழிலும், தேடக்கூடிய எழுத்தாக, பூட்டில்லாத மின்னூலாக. கட்டடம் கட்ட ஆகும் செலவில் ஒரு துளிகூட இதற்கு ஆகாது. மின்மயமாக்கத்துக்கு அரசுப் பணம் வாங்கும் எந்த நிறுவனமும், ஸ்கேன் பக்கங்களின் எண்ணிக்கையை அல்ல, மெய்ப்புப் பார்த்து முடித்த நூல்களின் எண்ணிக்கையைக் கணக்குக் காட்ட வேண்டும். அந்த மெய்ப்பு வேலையைக் கூலி கொடுத்து ஆதிதிராவிடர் நல விடுதி மாணவர்களிடம் கொடுக்க வேண்டும். நம் வரலாற்றை எழுத்தாக்கும் வேலைக்கு நமக்கே கூலி கொடுப்பதில் என்ன தயக்கம்?

கேட்பதைக் கேட்டுக்கொண்டே இருப்போம், செய்வதையும் செய்துகொண்டே இருப்போம். உங்கள் குழுவின் வாட்ஸாப்பில் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும், யாரும் திறந்து படிக்காத அந்தப் படப் பிடிஎஃப்பை இன்று எடுங்கள். பக்கங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தை யார் எடுத்துக்கொள்வது என்று இன்றிரவே முடிவு செய்யுங்கள்.

ஜெய் பீம்.